மாமியார் பேர்

என் புருஷன் குடிக்கமாட்டான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராவியில் ஒருவன் பெண்டாட்டியை அடிக்கிறான் என்றால் எல்லோரும் சாராயத்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டுத் தங்கள் சோலியைப் பார்க்கப் போய்விடுவார்கள். குடித்துவிட்டு அடிக்கிறவனிடம் மறுநாள் காலையில் நியாயமாவது கேட்கலாம். வேதமுத்து பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, பைபிளை மூடி வைத்துவிட்டு, சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடக்கிவிட்டு அடிப்பான். அவனிடம் எந்தக் காலையில் போய் நியாயம் கேட்பது?

அவனுக்குத் தோல் கிடங்கில் வேலை. சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிய தோலைப் பலகையில் விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்ட வேண்டும். பத்து வருஷமாக அதைச் செய்கிற கை. அது கன்னத்தில் விழுந்தால் அரை மணி நேரத்துக்கு ஒரு காது கேட்காது. சோறு குழைந்தால் அடி, குழையாவிட்டாலும் அடி. அறுபத்தாறில் ரேஷனில் அரிசிக்குப் பதிலாகச் சிவப்புச் சோளம் போட்டார்களே, அப்போது அரசாங்கத்தை அடிக்க முடியாது என்று என்னை அடித்தான்.

நான் தாராவியிலேயே வளர்ந்தவள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு சபைப் பெரியவர்கள் பார்த்துக் கட்டிவைத்த கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் நாசரேத் பக்கம், அம்மா செத்துவிட்டாள், தனி ஆள், குடி இல்லை, கோயிலில் பாட்டுப் பாடுகிறான் என்றார்கள். "மாமியார் தொல்லை இல்லாத எடம். குடுத்து வச்சவ ரோசம்மா நீ" என்று கோயில் பெண்கள் கன்னத்தைக் கிள்ளினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், கூறு கெட்டவள்.

இரண்டாம் வருஷம் பெண் பிறந்தாள். ஆறு மாதமாகியும் அவளுக்குப் பேர் வைக்கவில்லை. இந்த மாதம் அடுத்த மாதம் என்று அவன்தான் தள்ளிக்கொண்டே போனான். வெறும் பாப்பா என்றுதான் கூப்பிட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பாப்பா தவழ்ந்து போய்த் தட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்துவிட்டாள். குழம்பு அவன் வேட்டியில் கொட்டியது. எச்சில் கையாலேயே விட்டான் ஒரு அறை. பிள்ளை உருண்டு போய் மண்ணெண்ணெய் டின்னில் முட்டியது. உதடு கிழிந்து ரத்தம். கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தன, சோற்றுப் பருக்கையும் ஒட்டியிருந்தது. நான் அவளை அள்ளி எடுத்தேன். அவன் தட்டை நிமிர்த்தி வைத்து, "கொளம்பு ஊத்து" என்றான்.

என்னை அடித்த நாளெல்லாம் அழுதிருக்கிறேன், மண்ணை வாரித் தூற்றியிருக்கிறேன். அன்று எனக்கு அழுகையே வரவில்லை. அந்தக் கை இனி இந்தப் பிள்ளைமேல் படக்கூடாது. அதற்கு என்ன வழி என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது.

வழி சொன்னவள் பக்கத்துக் கோலி சாயிரா. பம்பாயில் ஒற்றை அறை வீட்டைக் கோலி என்போம். எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவில் தகரம்தான் சுவர். அவள் புருஷன் மன்சூர் அலி பாய் அந்தப் பக்கம் தோல் பை தைக்கிற சத்தம் இந்தப் பக்கம் கேட்கும், நான் வாங்குகிற அடி அந்தப் பக்கம் கேட்கும். பாப்பாவின் உதட்டுக்குத் தேன் தடவிக்கொண்டே சாயிரா சொன்னாள்: "ஏளா, இன்னும் பேரு வைக்கலல்லா? அவன் உம்மா பேர வையி. பெத்தவ பேர் வச்ச பிள்ளைய எவன் அடிப்பான்?"

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். மூத்த பெண்ணுக்கு அப்பனைப் பெற்றவள் பேர். பேர் விழுந்த பிறகு அப்பன் அவளை எங்கம்மா என்றுதான் கூப்பிடுவான். வைய மாட்டான், கை ஓங்க மாட்டான். பெற்ற தாயை அடித்த பாவம் வரும் என்று பயம். மருமகளுக்குத்தான் இதில் தொல்லை. மாமியார் பேரை வாயால் சொல்லக்கூடாது என்பதால் தான் பெற்றதையே பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. பாப்பா, பெரியவள் என்று எதையாவது சொல்லி ஓட்ட வேண்டும். பேரைச் சொல்லி வைதுவிட்டால் மாமியாரை வைதாள் என்று வீடு ரெண்டாகும்.

எங்கள் சந்தின் கடைசியில் பூலோகம் என்று கைவண்டி இழுக்கிறவன் இருந்தான். பெண்டாட்டி, இரண்டு மகன்கள், விருந்துக்கு வந்த மச்சினன் என்று ஒருவர் பாக்கியில்லாமல் அடித்திருக்கிறான். ஆனால் மூத்த மகளுக்கு அவன் அம்மா பேர், வடிவு. அந்த ஏழு வயசுச் சிறுக்கி ஒருநாள் அவன் சாராயப் பாட்டிலைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். ஓங்கின கையை அப்படியே இறக்கி, "சரி தாயி, கோவப்படாத" என்று போனான் பூலோகம். சந்தே சிரித்தது. நான் அதைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டேன்.

வேதமுத்துவுக்கும் அம்மா என்றால் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். அவள் செத்த நாளில் வாயில் தண்ணீர்கூடப் படாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுவான். வருஷத்தில் அந்த ஒரு நாள் என்னை அடிக்கமாட்டான். தாய்மேல் இத்தனை உயிரை வைத்திருக்கிறவன் அவள் பேருக்குக் கட்டுப்படாமல் எதற்குக் கட்டுப்படுவான்? எனக்கு அப்படித்தான் தோன்றியது.

மாமியார் பேர் ஏஞ்சலம்மாள். இப்போது சொல்லிவிட்டேன். அப்போது செத்தாலும் என் வாயில் வராது.

பிள்ளைக்கு ரேஷன் கார்டில் பேர் ஏற்ற வேண்டும், ஞானஸ்நானத்தை இனித் தள்ளக்கூடாது என்று சபையிலிருந்து சொல்லிவிட்டார்கள். அவன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என்னிடம் நீட்டினான். ஏஞ்சலா என்று இருந்தது. "உபதேசியார்ட்ட குடு. இப்படியே எழுதச் சொல்லு" என்றான்.

"அத்தை பேரு முழுசா இல்லியே?" என்றேன்.

"பம்பாய்ல எவன் அம்மாள் கிம்மாள்னு வைக்கான்? சொன்னதச் செய்யிட்டி."

எனக்கு உடனே புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்தேன். சொந்தக்காரர்கள் கேட்டால் அம்மா பேர்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். அம்மா பேராகவும் இருக்காது. ஏஞ்சலம்மாளை அடிக்க முடியாது, ஏஞ்சலாவை அடிக்கலாம். பாவி, பிள்ளையை அடிக்கத்தான் வழி பண்ணிக்கொள்கிறான் என்று வயிறு எரிந்தது.

சனிக்கிழமை காலையில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மாட்டுங்கா லேபர் கேம்பில் உபதேசியார் வீட்டுக்குப் போனேன். உபதேசியார் பேர் எழுதுகிற விஷயத்தில் ரொம்பக் கறார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, வேதமுத்து எழுதிய காகிதத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன பேரு? ஒம் மாமியா பேரத்தான வைக்கணும்? அதயே ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுதாவ. பொறவு பள்ளிக்கூடத்துல ஒண்ணு, கார்டுல ஒண்ணுன்னு வந்து எங் கழுத்த அறுக்காவ. எது வேணும்னு இப்பவே சொல்லிரு" என்று ஒரு தாளில் வரிசையாக எழுதினார். எஞ்சலம்மாள். ஏஞ்சலம்மாள். ஏஞ்சலா. ஆஞ்செலா.

"கடேசி ஒண்ணு கோவாக்காரங்க எழுதுதது. மொதல்ல உள்ளது நம்ம ஊர்ல எழுதத் தெரியாதவன் எழுதுதது. ரெண்டாவதுதான் சுத்தம். எது?"

வாயைத் திறந்து சொல்ல முடியாதே. இரண்டாவதன்மேல் ஆள்காட்டி விரலை வைத்தேன். அழுத்தி வைத்தேன்.

"வாசிச்சு சொல்லு."

"மாமியா பேரு ஐயா."

"அட, ஆமா" என்று சிரித்துவிட்டு அதையே எழுதிக்கொண்டார். நடந்து வீட்டுக்கு வரும்போது பாப்பாவின் கன்னத்தில் முத்தமாகக் கொடுத்துக்கொண்டே வந்தேன்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு சாயங்காலம் வரைக்கும்தான். உபதேசியார் கிடங்கு வாசலில் வேதமுத்துவைப் பார்த்து, "அம்மை பேரையே வச்சிட்டீரே, சந்தோசம். ஒம்ம பெண்டாட்டி வெரல வச்சுக் காட்டினா" என்று கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். அவன் வீட்டுக்கு வந்து கதவைத் தாழ்போட்டான். சட்டைக் கையை மடக்கினான்.

எப்போதும் பேசாமல் அடிக்கிறவன் அன்று பேசிக்கொண்டே அடித்தான். "அந்தப் பேர ஆரு கேட்டா? ஒன்ட்ட ஆரு கேட்டா?" முடியைப் பிடித்துத் தகரத்தில் மோதினான். அந்தப் பக்கம் சாயிரா, "ஏ வேதமுத்து, விடுப்பா, அல்லாவுக்குப் பயந்துக்க" என்று தகரத்தைத் தட்டினாள். அவன் என்னைக் கீழே தள்ளி முதுகில் முழங்காலை ஊன்றினான். "எந்த வெரலட்டி வச்ச? எந்த வெரலு?" என் வலது கை ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தான். சுள்ளி ஒடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. நான் போட்ட கூச்சலில் பாப்பா வீறிட்டாள். அவன் எழுந்து உபதேசியார் வீட்டுக்குப் போய், எழுதியதை அடித்து ஏஞ்சலா என்று மாற்றி எழுத வைத்துவிட்டு வந்து, ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்தான்.

சாயிரா மஞ்சள் பற்றுப் போட்டு விரலைத் துணியால் சுற்றினாள். அவள் அழுதாள், நான் அழவில்லை. ஒரு பேருக்கு இந்தப் பாடு படுத்துகிறானே, அப்படியானால் அந்தப் பேருக்கு அவன் பயப்படுகிறான். பயந்தால் அது வேலை செய்யும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு. அடி வாங்கி வாங்கிப் புத்தியும் அப்படித்தான் போகும் போலிருக்கிறது.

மறுநாள் ஆராதனை நடுவில் ஞானஸ்நானம். ஞானத்தகப்பனாக நின்றவர் தனசீலன் அத்தான், வேதமுத்துவின் பெரியப்பா மகன். ஆண்டாப் ஹில்லில் இருந்துகொண்டு கொத்து வேலை பார்க்கிறவர். ஒரு ஈக்குக்கூடக் கெடுதல் நினைக்கமாட்டார், நல்லதும் செய்யமாட்டார். எங்கள் பாதிரியாரை ஐயர் என்போம். ஐயர் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, "இந்தப் பிள்ளைக்குப் பேரிடுங்கள்" என்றார்.

தனசீலன் அத்தான் தொண்டையைக் கனைத்தார். "ஏஞ்ச..." என்று ஆரம்பித்தார்.

"ஏஞ்சலம்மாள்!" என்றேன்.

சொன்னேன் என்பது தப்பு, கத்தினேன். கோயில் கூரையில் இருந்த புறாக்கள் எழும்பின. மாமியார் பேரை மருமகள் சபை நடுவில் கூவுகிறாள். பெண்கள் பக்கத்தில், "எம்மாடி, என்ன தைரியம் பாரு" என்று வாயில் கைவைத்தார்கள். ஐயர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், வேதமுத்துவைப் பார்த்தார்.

"உங்க அம்மா பேருதான, வேதமுத்து?"

அத்தனை கண்ணும் அவன்மேல். பெற்ற தாயின் பேர் வேண்டாம் என்று சபை நடுவில் எவன் சொல்வான்? "ஆமாய்யா" என்றான். ஐயர் தண்ணீரை அள்ளி, "ஏஞ்சலம்மாள், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலே" என்று நெற்றியில் ஊற்றினார். ஊற்றியதை இனி எந்தக் கொம்பனாலும் துடைக்க முடியாது. ஜெயித்துவிட்டோம் என்று பாப்பாவை மார்போடு அணைத்தேன். தனசீலன் அத்தான் முகம் வெளுத்துப்போய் நின்றதைப் பார்த்தேன், வெயிலுக்கு இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மத்தியானம் சபை ஆட்கள் இருபது பேருக்கு வீட்டில் சாப்பாடு. ஒடிந்த விரலோடு நானும் சாயிராவும் அம்மியில் மசாலா அரைத்து ஆட்டுக்கறி வைத்தோம். வந்தவர்கள் எல்லாம் பாப்பாவைத் தூக்கி, ஏஞ்சலம்மா, ஏஞ்சலம்மா என்று கொஞ்சினார்கள். ஒவ்வொரு தடவையும் வேதமுத்துவின் தாடை அசைவதைப் பார்த்தேன். யாரும் பார்க்காத நேரத்தில் அவன் கையைக் கழுவிக்கொண்டே இருந்தான். எல்லோரும் போன பிறகு, கோயிலிலிருந்து வாங்கி வந்த பெரிய தேக்சாப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனான். தனசீலன் அத்தான் மட்டும் போகாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ரோசம்மா, நீ ஏம்மா அந்தப் பேரச் சொன்ன?"

"பேர் வச்ச பிள்ளைய அடிக்க மாட்டாவல்லா அத்தான். அதுக்குத்தான்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அவன் சித்திய என்ன செஞ்சாம்னு ஒனக்குத் தெரியாதாம்மா?"

"எந்தச் சித்திய?"

"அவன் அம்மைய. ஏஞ்சலம்மாச் சித்திய." அவர் என்னைப் பார்க்காமல் அம்மியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சோத்துல கல்லு கெடந்துச்சுன்னு பனமட்டையால அடிச்சான். கருக்கோட. ஒரு நாளா ரெண்டு நாளா, அடிக்கதுதான் வழக்கம். அன்னைக்கு நெஞ்செலும்பு உள்ள எறங்கிட்டு. மூணு நாளு கெடந்தா. போலீசு வந்து கேட்டதுக்கு, கெணத்தடியில வழுக்கி விழுந்துட்டேன் ஐயான்னு சொல்லிட்டுச் செத்துப்போனா. அவ சொன்னதயே நாங்களும் சொன்னோம். நாந்தான் அவன இங்க கூட்டியாந்தேன்."

"கல்யாணத்தப்ப ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"தாயில்லாப் பிள்ளன்னு பாவம் பாத்தோம்மா."

தாயில்லாப் பிள்ளையாம்! அடித்துக் கொன்றவனே அவன், அவன் தாயில்லாப் பிள்ளையாம்! அவர் முகத்தில் காறித் துப்பலாம் போல வந்தது. அதற்குள் என் நெஞ்சில் வேறு ஒன்று வந்து விழுந்தது. பாசம் என்று நினைத்தேனே, பாசமில்லை. பேருக்குப் பயப்படுகிறான் என்று நினைத்தேனே, அந்தப் பயம் எதை அடக்கும்? உலகத்தில் இத்தனை பேர் இருக்க, அவன் ஏற்கெனவே அடித்துக் கொன்ற பேரைத் தேடிப்பிடித்து, விரலை ஒடித்துக்கொண்டு, சபை நடுவில் கூவி, என் பிள்ளை தலையில் ஊற்றியிருக்கிறேன். நானேதான் ஊற்றியிருக்கிறேன்.

பாப்பா சேலைத் தொட்டிலில் கிடந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு சாயிரா வீட்டுக்கு ஓடிவிட வேண்டும் என்று எழுந்தேன். வாசலில் வேதமுத்து நின்றான்.

"நீ கெளம்புண்ணே" என்றான் அவரிடம்.

தனசீலன் அத்தான் எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, போனார். போயே விட்டார். அவன் கதவைச் சாத்தித் தாழ்போட்டான். சட்டைக் கையை மடக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சொல்லிட்டானா?"

"வேண்டாங்க. பிள்ள தூங்குதா. என்னிய அடிங்க. எவ்வளவு வேணும்னாலும் அடிங்க."

அவன் என்னைப் பார்க்கவே இல்லை, தொட்டிலைப் பார்த்துப் போனான். நான் குறுக்கே பாய்ந்தேன். வயிற்றில் ஒரு மிதி மிதித்தான், அம்மிப் பக்கம் போய் விழுந்தேன். அவன் தொட்டில் துணியை விலக்கினான். பாப்பா விழித்துக்கொண்டாள், அப்பனைப் பார்த்துச் சிரித்தாள். என் கண்முன்னால் சிரித்தாள்.

"பாக்காத" என்றான் அவன். "அப்படிப் பாக்காதங்கேன்."

அடித்தான். பாப்பாவின் குரல் பாதியில் நின்று, மூச்சு வராமல், பிறகு ஒரு வீறல். "பாத்துக்கிட்டே கெடந்தியே! மூணு நாளும் பாத்துக்கிட்டே கெடந்தியே!" என்று மறுபடி அடித்தான். அவளைத் தொட்டிலிலிருந்து ஒரு கையைப் பிடித்துத் தூக்கினான்.

குழவி என் கையில் எப்போது வந்தது என்று தெரியாது. மசாலா ஈரம் காயாத குழவி. ஒடிந்த விரலோடு இரண்டு கையாலும் தூக்கி அவன் வலது முழங்கையில் இறக்கினேன். பாப்பா தொட்டிலுக்குள்ளேயே விழுந்தாள். அவன் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தான். வலியைவிட அவனுக்கு ஆச்சரியம்தான் அதிகமாக இருந்திருக்கும்.

"ஏட்டி..." என்று இடது கையால் என் சேலையைப் பிடித்தான்.

"விடுலே!" என்றேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக. "சேலைய விடுலே நாயே!" தரையில் கிடந்த அந்த வலது கையைப் பார்த்து இன்னொரு தடவை இறக்கினேன். இரண்டாவது தேவையில்லை, கை அப்போதே போய்விட்டது. ஆனாலும் போட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் போட்டது சரி என்றுதான் சொல்வேன்.

மன்சூர் அலி பாய் கதவை உடைத்துக்கொண்டு வந்தார். சாயிரா என் கையிலிருந்து குழவியைப் பிடுங்கினாள். நான் பாப்பாவை எடுத்துக்கொண்டேன். காதோரம் ரத்தம், ஒரு கை அசையாமல் தொங்கியது, ஆனால் அழுதாள். அந்த அழுகைச் சத்தத்தைவிடப் பெரிய ஆறுதல் எனக்கு அப்போது இல்லை. பூலோகம் கைவண்டியைக் கொண்டுவந்து வேதமுத்துவை ஏற்றினான். பிள்ளையைப் பார்த்துவிட்டு அவன், "பெத்தவ பேர வச்ச பிள்ளையா இது?" என்று கேட்டான். ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டி குலுங்கும்போதெல்லாம் வேதமுத்து பல்லைக் கடித்தான், நான் பக்கத்தில் நடந்தேன்.

டாக்டர் பாப்பாவைப் பார்த்துவிட்டுத் தோள்பட்டை எலும்பில் விரிசல், ஆறிவிடும், உயிருக்கு ஒன்றுமில்லை என்றார். பிறகுதான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிர் பெஞ்சில் வேதமுத்து, மடியில் என் பழைய சேலைத் துணியில் சுற்றிய கை. தனசீலன் அத்தானும் எப்படியோ வந்து தூணோரம் நின்றார். அடிதடி கேஸ் என்றால் எழுதிக்கொள்ள அங்கே ஒரு ஹவல்தார் உண்டு. பெரிய நோட்டோடு வந்தார்.

மன்சூர் அலி பாய் முந்திக்கொண்டார். "கிர் கயா சாப். சீடி ஸே கிர் கயா. பச்சி கோ லேகர் கிர் கயா." பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏணியிலிருந்து விழுந்துவிட்டானாம். எல்லாரும் சேர்ந்து வழியிலேயே பேசி வைத்திருக்கிறார்கள். பாய் நல்ல மனுஷன், என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார்.

வேதமுத்து தலையைத் தூக்கினான். "நீயும் அப்படியே சொல்லிரு ரோசம்மா. இல்லன்னா ஒன்னத்தான் பிடிச்சு உள்ள போடுவான். ஒனக்காவத்தான் சொல்லுதேன்."

எனக்காகவாம். நெஞ்செலும்பு உடைந்து மூன்று நாள் கிடந்தவளும் மகனுக்காகத்தான் வழுக்கி விழுந்தேன் என்றாள். அவள் அப்படிச் சொன்னதால்தான் இவன் ரயிலேறினான், மாப்பிள்ளையானான், என் விரலை ஒடித்தான், என் பிள்ளையின் தோளை உடைத்தான். நானும் விழுந்தான் என்று சொல்லிவிட்டு இவனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனால் இடது கை மிச்சமிருக்கிறது.

"கிரா நஹி சாப்" என்றேன். "மாரா. இஸ்னே பச்சி கோ மாரா. மைனே இஸ்கோ மாரா." விழவில்லை, இவன் பிள்ளையை அடித்தான், நான் இவனை அடித்தேன்.

"ஏ தாயி!" என்று பாய் என் தோளைத் தொட்டார். சாயிரா, "சும்மா இருங்க நீங்க, அவ சொல்லட்டும்" என்று அவர் கையை எடுத்துவிட்டாள்.

ஹவல்தார் என் விரல் கட்டைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுதினால் உன்னையும் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கும், தெரியுமா என்று இந்தியில் கேட்டார். தெரியும், எழுதுங்கள் என்றேன்.

"இன்னொண்ணும் எழுதணும்" என்றேன். "இஸ்னே அப்னி மா கோ பீ மாரா." பெற்ற தாயையும் இவன் அடித்தான், அவள் செத்துவிட்டாள் என்றேன்.

வேதமுத்து எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தான். "ரோசம்மா, அதச் சொல்லாத. கால்ல விழுதேன், அத மட்டும் சொல்லாத." நான் தூணோரம் நின்றவரைத் திரும்பிப் பார்த்தேன். "அத்தான், நீங்க சொல்லுங்க. நீங்கதான் பாத்திய." அவர் தலையைக் குனிந்துகொண்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

அது மதராஸ் போலீஸ் விஷயம், நான் எழுதி என்ன ஆகப்போகிறது என்றார் ஹவல்தார். ஆகாவிட்டாலும் எழுதுங்கள் என்றேன். அவர் பெருமூச்சு விட்டுப் பென்சிலை எடுத்தார். செத்தவள் பேர் என்ன என்று கேட்டார்.

"ஏஞ்சலம்மாள்."

எழுதினார். அடிபட்ட பிள்ளையின் பேர் என்ன?

"ஏஞ்சலம்மாள்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பென்சிலைக் கீழே வைத்தார். செத்தவள் பேரையே திரும்பச் சொல்கிறாயே, ஒழுங்காகச் சொல், யார் ஏஞ்சலம்மாள் என்றார்.

"ரெண்டு பேரும்தான் சாப்" என்றேன். "ரெண்டு பேரையும் இவன்தான் அடிச்சான். தனித்தனியா எழுதுங்க."